2001 ரியோஹா வைன் ஒன்று கிடைத்திருக்கிறது, வாங்கலாமா? எந்த வருஷம்தான் நல்ல வருஷம்?

சுபாங் வாசி | திங்கள், இரவு 10.42

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் நடந்தது 2001 செப்டம்பரில். வருகிற செப்டம்பரோடு 25 வருஷம் ஆகிறது. அப்பா எப்போதாவதுதான் குடிப்பார், ஆனால் ரெட் வைன் என்றால், அதிலும் ஸ்பெயின் நாட்டு ரியோஹா என்றால் தனிப் பிரியம். வேலை விஷயமாக ஒரு தடவை பில்பாவோ போய் வந்ததிலிருந்து இந்தப் பழக்கம். ரியோஹாவில் திராட்சை பறிப்பது பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் என்று படித்தேன். அதாவது இவர்கள் தாலி கட்டிய சமயத்தில் அங்கே பறித்த பழம். அதே 2001 பாட்டில் ஒன்றைக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று அக்காவும் நானும் யோசித்தோம்.

பிஜே (பெட்டாலிங் ஜெயா) பக்கம் ஒரு கடையில் 2001 கிரான் ரிசெர்வா (ரியோஹாவில் ரொம்ப வருஷம் பதமாக்கி விற்கிற உயர்ந்த தரம்) ஒன்று இருக்கிறது. 680 வெள்ளி (ரிங்கிட்) சொல்கிறார்கள். அதே கடையில் 2010, 2011 இரண்டும் ஏறக்குறைய பாதி விலையில். அதற்கு ஒரு படி கீழான ரிசெர்வாவில் 2013, 2017, 2018 இருக்கின்றன. கடைக்காரத் தம்பி "2001 டாப் இயர் அண்ணே, யோசிக்காதீங்க" என்கிறார். இணையத்தில் பார்த்தால் ஆளுக்கொரு அட்டவணை, ஒருவர் 95 போட்டதற்கு இன்னொருவர் 88 போட்டிருக்கிறார். எங்கள் இருவர் பணத்தையும் சேர்த்தால் 700 வரை வரும், அதற்கு மேல் முடியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாய்க்கு ருசி | திங்கள், இரவு 11.15

தம்பி, வருஷம் கிருஷம் எல்லாம் விற்கிறவன் வசதிக்கு. நான் 15 வருஷமாக 95 வெள்ளி, 100 வெள்ளிக்குள் கிரியான்ஸா (ரிசெர்வாவுக்கும் கீழான ரியோஹா) வாங்கி ஆட்டுக்கறிப் பிரட்டலோடு குடிக்கிறேன், ஒரு நாளும் லேபிளில் வருஷத்தைப் பார்த்ததில்லை, ஒரு நாளும் ஏமாந்ததும் இல்லை. எங்கள் தாத்தா தோட்டத்தில் கள் குடித்தவர். அவர் எந்த வருஷத்துக் கள் என்றா கேட்டார்? காலையில் இறக்கியதா மாலையில் இறக்கியதா என்றுதான் கேட்பார். 680 வெள்ளிக்கு அப்பா அம்மாவை இரண்டு நாள் கேமரன் மலைக்கு அனுப்பி வையுங்கள்.

செந்தூல் மாப்பிள்ளை | திங்கள், இரவு 11.31

கேமரன் மலைக்கு இரண்டு நாளா, 680-க்கா? அண்ணன் ரொம்ப நாளாக மலை ஏறவில்லை போல.

பாலிக் புலாவ் பேரன் | செவ்வாய், காலை 7.20

வாய்க்கு ருசி அண்ணன் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தாத்தாவுக்குப் பினாங்கில் டுரியான் தோட்டம். ஒரே மரம், ஒரே மண், அதே ஆள்தான் பார்த்துக்கொள்கிறான், ஆனால் ஒரு வருஷம் சுளை வெண்ணெய் மாதிரி இருக்கும், அடுத்த வருஷம் தண்ணீராக இருக்கும். காய் விழுகிற சமயத்தில் விடாமல் மழை பிடித்தால் அந்தப் பருவம் போச்சு. திராட்சைக்கும் இதே கதைதான். பறிக்கப் போகிற வாரத்தில் மழை என்றால் பழம் நீர்த்துப்போகும், அழுகலும் வரும். நல்ல வெயில், இரவில் குளிர், பழம் அவசரப்படாமல் மெதுவாகப் பழுத்தது என்றால் அது நல்ல வருஷம். வருஷம் என்பது ஏமாற்று இல்லை அண்ணே, அது அந்த வருஷத்து வானிலைக்கு இன்னொரு பெயர். கள்ளுக்கு மணிக்கணக்கு, வைனுக்கு வருஷக்கணக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரியோஹாவில் ஒவ்வொரு அறுவடைக்கும் அங்கிருக்கும் கட்டுப்பாட்டுக் கழகமே மார்க் போடுகிறது. உச்சத்தில் 'மிகச் சிறப்பு', அடுத்து 'மிக நன்று', அதற்கும் கீழே 'நன்று'. எனக்கு மனப்பாடமான மிகச் சிறப்பு வருஷங்கள்: பழையதில் 1964, 1982. அப்புறம் 1994, 1995, 2001, 2004, 2005, 2010, 2011, 2019. ஆகவே கடைக்காரத் தம்பி பொய் சொல்லவில்லை, 2001 நிஜமாகவே நல்ல வருஷம். லா ரியோஹா அல்தா என்ற பழைய வீடு (வைன் செய்கிற நிறுவனத்தை அப்படித்தான் சொல்வார்கள், 1890-இல் ஆரம்பித்தது) தன்னுடைய வின்யா அர்தான்ஸா என்ற வைனுக்கு 'ரிசெர்வா எஸ்பெஸியால்' என்ற தனிப் பெயரை அதற்கு முன் 1964-க்கும் 1973-க்கும்தான் கொடுத்திருந்தது, மூன்றாவதாகக் கொடுத்தது 2001-க்கு.

ஆனால் இந்த மார்க்கை அப்படியே நம்பி வாங்கக் கூடாது. முதலில், போடுகிறவர்கள் அந்த ஊர்க்காரர்களே. தன் பிள்ளைக்குத் தானே மார்க் போடுகிறவர் எவ்வளவு குறைத்துவிடுவார்? 'நன்று' என்று போட்டால் நாம் 'சுமார்' என்று படித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, எப்ரோ ஆற்றை ஒட்டி நூறு கிலோமீட்டர் நீளம் கிடக்கிற வட்டாரம் அது. மேற்கே ரியோஹா அல்தா, அலாவேஸா என்ற பகுதிகள் பக்கம் அட்லாண்டிக் காற்று, குளிர்ச்சி. கிழக்கே ரியோஹா ஓரியென்தால் பக்கம் மத்தியதரைக் கடல் வெயில். மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே மார்க். வடக்கே பெர்லிஸிலிருந்து தெற்கே ஜொகூர் வரைக்கும் ஒரே வானிலை அறிக்கை படிக்கிற மாதிரி.

நீங்கள் சொன்ன மற்ற வருஷங்களையும் சொல்லிவிடுகிறேன். 2013 குளிர்ந்த வருஷம், பூ சரியாகப் பிடிக்கவில்லை, அறுவடையில் மழை வேறு, 'நன்று'தான் கிடைத்தது. 2017-இல் ஏப்ரல் 28 அன்று விடிகாலையில் உறைபனி விழுந்து துளிர்களைக் கருக்கிவிட்டது, அப்புறம் வறட்சி, விளைச்சல் பாதிக்கப்பட்டது. ஆனால் தப்பித்த பழம் நன்றாக இருந்ததால் 'மிக நன்று' போட்டார்கள். பனி விழுந்த தோட்டமா விழாத தோட்டமா என்று லேபிளில் எழுதியிருக்காது, கவனம். 2018-இல் வசந்தத்தில் ஈரம் அதிகம், விளைச்சலும் அதிகம், உடம்பு மெலிந்த வைன், சீக்கிரம் குடிக்க நல்லது.

இதெல்லாம் வருஷக் கதை. உங்கள் 2001-க்கு நான் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் பாட்டில் இத்தனை வருஷம் எங்கே இருந்தது? கடையில் எப்படி வைத்திருக்கிறார்கள்? படுத்திருக்கிறதா, நின்றிருக்கிறதா? கழுத்துப் பக்கம் வைன் எந்த மட்டத்தில் இருக்கிறது? பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

சுபாங் வாசி | புதன், மாலை 6.05

அண்ணே, மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தேன். பாட்டில் நின்றுகொண்டிருக்கிறது, மேல் தட்டில். தலைக்கு மேலே ஸ்பாட் லைட். முன்பக்கக் கண்ணாடியிலிருந்து ஆறு அடி இருக்கும், சாயங்கால வெயில் அந்தப் பக்கம்தான் விழும் என்று நினைக்கிறேன். எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறது என்று கேட்டேன், "நான் சேர்ந்ததிலிருந்து இருக்கு" என்றார். அவர் சேர்ந்து நாலு வருஷம். ஏர்கோன் கடை திறந்திருக்கும்போது மட்டும். வைன் மட்டம் கழுத்தில் இல்லை, தோள்பட்டை வளைவுக்குப் பாதியில் இருக்கிறது. இது மோசமா?

செந்தூல் மாப்பிள்ளை | புதன், மாலை 6.11

நாலு வருஷம் நின்றுகொண்டே இருந்தால் யாருக்கும் கால் வலிக்கும்.

ஆயர் ஈத்தாம் அக்கா | புதன், இரவு 9.48

தம்பி, வாங்காதே. என் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் உன் இஷ்டம்.

எங்கள் வீட்டுக்காரர் 50 வயது தொட்டபோது அவருடைய நண்பர்கள் சேர்ந்து 2004 ரியோஹா கிரான் ரிசெர்வா ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். 2004-உம் மிகச் சிறப்பு வருஷம்தான், பேரன் எழுதியிருக்கிறாரே. குனே என்ற வீட்டின் அந்த வருஷத்து இம்பீரியல் கிரான் ரிசெர்வாவைத்தான் 2013-இல் அமெரிக்காவின் வைன் ஸ்பெக்டேட்டர் பத்திரிகை உலகத்திலேயே முதல் இடத்தில் வைத்தது. எங்களுக்குக் கிடைத்தது அது இல்லை, வேறு வீட்டுச் சரக்கு, ஆனால் வருஷம் அதே வருஷம்.

திறந்த அன்று நான் பக்கத்திலேயே நின்றேன். மேலே இருந்த தகட்டுறையை அவர் சுற்றிப் பார்த்தார், சுற்றவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தியால் வெட்டி எடுத்தால் கார்க் வாய் மட்டத்துக்கு மேலே ஒரு நூல் துருத்திக்கொண்டு நிற்கிறது, ஓரத்தில் புளிக்கரைசல் காய்ந்த மாதிரி கறுத்துப் பிசுபிசுப்பு. கார்க்கை இழுத்ததும் பக்கவாட்டில் அடியிலிருந்து மேல் வரை சிவப்புக் கோடு ஓடியிருந்தது. ஊற்றினால் செங்கல் நிறம். அதுகூடப் பரவாயில்லை, பழைய ரியோஹா அப்படித்தான் இருக்கும். ஆனால் மணம்? வெயிலில் விட்ட உலர்திராட்சையைப் பாகு காய்ச்சிய மணம். வாயில் வைத்தால் பழம் எதுவும் இல்லை, கசப்பும் வெறும் புளிப்பும். அவர் பாவம், நண்பர்கள் எதிரில் "ம்ம், நல்லா இருக்கு" என்று இரண்டு கிளாஸ் குடித்தார்.

எங்கேயோ சூடு தாக்கியிருக்கிறது. திரவம் சூட்டில் விரியும், கார்க்கைத் தள்ளும், குளிர்ந்தால் காற்றை உள்ளே இழுக்கும். நம் ஊரில் பகல் 33 டிகிரி, அடைத்த ஸ்டோர் ரூமில் இன்னும் மேலே. வைன் கேட்பது 12, 14 டிகிரி. நிற்க வைத்தால் கார்க் உள்பக்கம் காய்ந்து சுருங்கிவிடும். உன் பாட்டிலில் மட்டம் தோளில் பாதி இறங்கியிருக்கிறது என்கிறாயே, கொஞ்சம் இறங்கினால் 25 வருஷத்துப் பாட்டிலுக்கு மன்னிக்கலாம், பாதித் தோள் என்றால் காற்று தாராளமாக உள்ளே போய் வந்திருக்கிறது.

துறைமுகத்தான் | வியாழன், அதிகாலை 1.33

கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்புகிற வேலை, அதனால் இதில் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன். கடையில் நாலு வருஷம் என்று கணக்குப் போடுகிறீர்கள். அதற்கு முன்னால் கப்பலிலும் யார்டிலும் இருந்த கணக்கு யாரிடம் இருக்கிறது?

ஸ்பெயினிலிருந்து சரக்கு வருவது சூயஸ் வழியாகவோ, 2024-இல் பல கப்பல்கள் சுற்றிய மாதிரி ஆப்பிரிக்கா முனை வழியாகவோ. எப்படி வந்தாலும் வாரக்கணக்கில் வெப்ப மண்டலம். குளிர்சாதனக் கொள்கலனில் வந்தால் கவலை இல்லை. சாதாரணக் கொள்கலன் என்றால், அதுவும் கப்பலின் மேல்தட்டில் வெயிலில் வைத்தால், உள்ளே எவ்வளவு ஏறும் என்று நான் சொல்லத் தேவையில்லை, மதியம் காரைக் கதவு மூடி நிறுத்திவிட்டு வந்து திறந்தால் தெரியும். இங்கே வந்து இறங்கியபிறகும் காகிதம் சரியில்லை, சுங்கத்தில் ஏதோ கேள்வி என்று யார்டில் ஒரு வாரம் நின்றால் அந்த ஒரு வாரமும் வெயில்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. பாட்டில் பின்னால் இறக்குமதியாளர் பெயர், முகவரி ஒட்டியிருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு, குளிர்சாதனக் கொள்கலனில் வந்ததா, கிடங்கில் வெப்பநிலை எவ்வளவு என்று கேளுங்கள். ஒழுங்காகச் செய்கிறவர்கள் பெருமையாகச் சொல்வார்கள், மழுப்பினால் வைத்துவிடுங்கள். ஒட்டே இல்லை என்றால் யாரோ லங்காவியிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கையில் தூக்கி வந்தது, அதற்கு ஜாதகமே கிடையாது.

வாய்க்கு ருசி | வியாழன், காலை 8.02

பார்த்தீர்களா, நான் சொன்னதற்கே எல்லோரும் வந்து சேர்ந்தாகிவிட்டது. 95 வெள்ளி கிரியான்ஸா.

செந்தூல் மாப்பிள்ளை | வியாழன், காலை 8.40

லங்காவி என்றதும் ஞாபகம் வருகிறது. தம்பி அங்கே போய் வாங்கலாம் என்று யோசிக்காதே. வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பது ஆளுக்கு ஒரு லிட்டர்தான், 750 மில்லி பாட்டில் ஒன்றோடு கணக்கு முடிந்தது. ஃபெர்ரி டிக்கெட், ஹோட்டல் எல்லாம் சேர்த்தால் நீ வாங்கியது பாட்டில் இல்லை, பங்களா. அதுவும் ஜெட்டியில் வெயிலில் வரிசையில் நின்று, அக்கா சொன்ன அந்தப் பாகைக் கையோடு காய்ச்சிக்கொண்டே வரலாம்.

பாலிக் புலாவ் பேரன் | வியாழன், இரவு 9.27

அக்காவும் துறைமுகத்தானும் சொன்னபிறகு 2001-ஐப் பற்றி நான் சேர்க்க ஒன்றும் இல்லை. அந்தப் பாட்டிலை விட்டுவிடுங்கள். வருஷம் பிறந்த நட்சத்திரம் மாதிரி, அது நல்லதாகவே இருக்கட்டும், வளர்ந்த இடம் சரியில்லை.

ஆனால் வாய்க்கு ருசி அண்ணன் வழியும் வேண்டாம், இது பரிசு. வேறொன்று சொல்கிறேன். நம் ஊருக்கு ரியோஹா ஏன் பொருத்தம் என்று நினைக்கிறீர்கள்? பிரான்சில் பெரும்பாலும் வைனை இளசாகவே விற்றுவிடுவார்கள், 'நீ வாங்கிப் பாதாள அறையில் பத்து வருஷம் வை' என்று. கோலாலம்பூர் கொண்டோவில் ஏது பாதாள அறை? பார்க்கிங் B2-தான் இருக்கிறது. ரியோஹாவில் அந்த வேலையை அவர்களே செய்து முடித்துத்தான் விற்கிறார்கள், சட்டமே அப்படி. கிரியான்ஸா என்றால் ஓக் பீப்பாயில் குறைந்தது ஒரு வருஷம். ரிசெர்வா மொத்தம் மூன்று வருஷம், அதில் ஒரு வருஷமாவது பீப்பாய். கிரான் ரிசெர்வா ஐந்து வருஷம், குறைந்தது இரண்டு வருஷம் பீப்பாயில், குறைந்தது இரண்டு வருஷம் பாட்டிலில். பீப்பாய் 225 லிட்டர், பழைய வீடுகளில் பெரும்பாலும் அமெரிக்க ஓக், அந்த வெனிலா, தேங்காய் மணம் அதிலிருந்துதான் வருகிறது. பின்லேபிளில் கழகத்தின் முத்திரை ஒட்டியிருக்கும், நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு கிரியான்ஸா, அடர்ந்த மாதுளைச் சிவப்பு ரிசெர்வா, நீலம் கிரான் ரிசெர்வா. நீலம் இல்லாமல் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'கிரான்' என்று எதையாவது போட்டிருந்தால் மயங்காதீர்கள்.

இதில் உச்சம் லோபெஸ் தே எரேதியா என்ற வீடு. ரியோஹாவில் ஆரோ ஊரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள், 1877-லிருந்து. அவர்களுடைய வின்யா தொந்தோனியா ரிசெர்வா கடைக்கு வரும்போதே பத்து வயதைத் தாண்டியிருக்கும். அந்தப் பத்து வருஷமும் அது குளிர்ந்த நிலவறையில் சிலந்தி வலைக்கு நடுவே கிடந்தது (சிலந்தியை விரட்டமாட்டார்கள், அது கார்க் தின்னும் பூச்சியைப் பிடிக்கும்). ஆகவே வாங்கும்போது 'எந்த வருஷம் பறித்தது' என்பதோடு 'எந்த வருஷம் அந்த வீட்டை விட்டு வெளியே வந்தது' என்றும் கேளுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இரண்டாவது கேள்விதான் பெரிய கேள்வி. போன வருஷம் வந்து இறங்கிய பத்து வயதுப் பாட்டில், இங்கே எட்டு வருஷமாகத் தட்டில் நிற்கிற அதே வயதுப் பாட்டிலைவிட எத்தனையோ மேல்.

இன்னொன்று. நல்ல வீடுகள் மோசமான வருஷத்தில் கிரான் ரிசெர்வா செய்வதையே விட்டுவிடுவார்கள், இருந்த நல்ல பழத்தையும் ரிசெர்வாவுக்குள் தள்ளிவிடுவார்கள். அதனால் சுமார் வருஷத்தில் நல்ல வீட்டு ரிசெர்வா சில சமயம் விலைக்கு மீறிய சரக்கு. 2013-ஐ வருஷத்தை வைத்து ஒதுக்காதீர்கள், வீட்டைப் பாருங்கள். பட்டியலை மட்டும் பார்த்து வாங்கினால் நல்ல வருஷத்தில் மோசமாகச் செய்தவனுக்குக் காசு கொடுத்துவிடுவோம், அப்படி நான் கொடுத்திருக்கிறேன்.

வாய்க்கு ருசி | வியாழன், இரவு 10.10

பேரன் தம்பி, சிலந்தி வரைக்கும் போய்விட்டாய். ஆனால் அந்தப் பார்க்கிங் B2 வாதம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஒன்று கேட்கிறேன், 95 வெள்ளிக்கும் 200 வெள்ளிக்கும் உண்மையில் வித்தியாசம் உண்டா, இல்லை வரிக்குத்தான் அழுகிறோமா?

துறைமுகத்தான் | வெள்ளி, அதிகாலை 12.48

அண்ணே, வரிக் கணக்கு உங்கள் பக்கம் இல்லை. கலால் வரி பாட்டிலின் விலையைப் பார்த்துப் போடுவது இல்லை, உள்ளே இருக்கிற ஆல்கஹால் அளவைப் பார்த்துப் போடுவது. 13.5 சதவீதம் என்றால் மலிவுப் பாட்டிலுக்கும் உயர்ந்த பாட்டிலுக்கும் அது ஒன்றேதான். விற்பனை வரி விலைக்குத் தக்கபடி ஏறும், அது வேறு. ஆகவே 95 வெள்ளியில் வரி, கப்பல், கடை வாடகை எல்லாம் போக வைனுக்கு மிஞ்சுவது கொஞ்சம். 200 வெள்ளியில் அந்தச் செலவெல்லாம் இரண்டு மடங்கு ஆகிவிடவில்லை, மிச்சத்தில் பெரும்பகுதி வைனுக்குப் போகிறது.

வாய்க்கு ருசி | வெள்ளி, காலை 7.55

இதை 15 வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருக்கலாம்.

சுபாங் வாசி | ஞாயிறு, மாலை 4.30

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை துறைமுகத்தான் அண்ணன் சொன்ன மாதிரி இரண்டு இறக்குமதியாளர்களைக் கூப்பிட்டேன். ஒருவர் "எல்லாம் நல்ல கண்டிஷன் பாஸ்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. இன்னொருவர் நான் கேட்பதற்கு முன்பே குளிர்சாதனக் கொள்கலன், கிடங்கில் 16 டிகிரி என்று சொல்லிவிட்டு, எங்கே வைத்துக் குடிக்கப் போகிறீர்கள் என்று என்னையே கேள்வி கேட்டார். அவரிடம் 2001 இல்லை. 2010 கிரான் ரிசெர்வா ஒன்று, 390 வெள்ளி, ஸ்பெயினிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, படுக்கவைத்தே வைத்திருக்கிறார்கள். 2011-உம் இருக்கிறது, 20 வெள்ளி குறைவு. இரண்டும் மிகச் சிறப்பு வருஷம். எது?

பாலிக் புலாவ் பேரன் | ஞாயிறு, இரவு 8.14

2010. யோசிக்காமல். 2011 சூடான, வறண்ட வருஷம், பழம் சிறியதாக, கெட்டியாக, ஆல்கஹாலும் தூக்கலாக வரும். வாயை நிறைக்கும், சிலருக்கு அதுதான் பிடிக்கும். 2010 நிதானமாகப் பழுத்தது, புளிப்பும் பழமும் சரிசமமாக நிற்கும், வயது ஏற ஏற அழகாகும். மார்க்கெஸ் தே முர்ரியேத்தா வீட்டின் காஸ்தியோ இகாய் என்ற ரியோஹாவின் 2010-ஐ அதே வைன் ஸ்பெக்டேட்டர் 2020-இல் முதலிடத்தில் வைத்தது, அதன் விலை அப்புறம் நம் கைக்கு எட்டவில்லை. கல்யாண வருஷம் இல்லையே என்று வருத்தப்படாதீர்கள், 2010-இல் உங்கள் வீட்டில் ஏதாவது நடந்திருக்கும்.

சுபாங் வாசி | ஞாயிறு, இரவு 8.20

2010-இல்தான் இந்த வீட்டுக்கு மாறி வந்தோம்! முடிந்தது, வாங்கிவிடுகிறேன். செப்டம்பர் வரை எங்கே வைப்பது? வீட்டில் வைன் சில்லர் இல்லை.

ஆயர் ஈத்தாம் அக்கா | ஞாயிறு, இரவு 9.02

வாங்குகிற இடத்திலேயே பணத்தைக் கட்டிவிட்டு, விழாவுக்கு மூன்று நாள் முன்னால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல், பலர் ஒத்துக்கொள்வார்கள். எடுக்கப் போகும்போது ஒரு ஐஸ் பெட்டி கொண்டு போ, காரின் பின்பெட்டியில் போட்டுவிட்டு மாலில் சுற்றாதே. வீட்டுக்கு வந்ததும் சாதாரணக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வை, மூன்று நாளுக்கு அது போதும். கடைசி ஒரு நாள் நிற்க வைத்துவிடு, அடியில் கசடு இறங்கட்டும்.

அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடு. புத்தகங்களில் 'அறை வெப்பநிலை' என்று போட்டிருப்பான், அது அவன் ஊர் அறை. நம் ஊர் அறையில் வைத்துக் குடித்தால் ஆல்கஹால் மூக்கில் ஏறும். 17 டிகிரி மாதிரி இருக்க வேண்டும், கையில் தொட்டால் இளங்குளிர்ச்சி. கார்க் பழசு, பிசுக்கென்று உடையலாம், கார்க் திருகியை முழுக்க நடுவில் இறக்கி மெதுவாக இழு. உடைந்து உள்ளே விழுந்தால் பதறாதே, தேத்தண்ணி வடிகட்டியை நன்றாகக் கழுவிவிட்டு அதில் வடித்துவிடு.

சாப்பாடு என்ன? மிளகாய் தூக்கலான கறி வேண்டாம். மிளகு போட்ட ஆட்டு வறுவல், தேங்காய்ப்பால் குருமா, இதெல்லாம் இதற்குச் சேரும்.

செந்தூல் மாப்பிள்ளை | ஞாயிறு, இரவு 9.30

ஒரு வேண்டுகோள். அந்த பிஜே கடை எது என்று தனியாகச் சொல்லு தம்பி. அந்த 2001-ஐ ஒரு விலை பேசிப் பார்க்கிறேன். எல்லோரும் இவ்வளவு திட்டியபிறகு அது எப்படித்தான் இருக்கிறது என்று தெரியாமல் தூக்கம் வராது.

சுபாங் வாசி | செப்டம்பர், ஒரு ஞாயிறு, பகல் 11.16

மாதக்கணக்கில் தூங்கிய இழையை எழுப்புகிறேன், மன்னிக்கவும். நேற்று விழா முடிந்தது. 2010 பிரமாதம். கார்க் முழுசாக வந்தது, அடியில் மட்டும் சிவப்பு, பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. முதலில் மணம் கொஞ்சம் அடங்கியே இருந்தது, அரை மணி கழித்துக் காய்ந்த செர்ரிப் பழம், புகையிலை, அந்தத் தேங்காய் மணம் எல்லாம் வந்தது. அப்பா முதல் கிளாஸை ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு "மருந்து மாதிரி இருக்கு" என்று அப்பா கிளாஸிலேயே ஊற்றிவிட்டார். 2001 பாட்டில் கதையை அப்பாவிடம் சொன்னேன், "அந்த வருஷத்துது எல்லாம் நல்லாத்தான் இருக்கும், வெயிலில் வைக்காம இருந்தா" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

செந்தூல் மாப்பிள்ளை | அதே நாள், பகல் 12.40

நானும் கணக்குச் சொல்லிவிடுகிறேன். பேரம் பேசி 260 வெள்ளிக்கு வாங்கினேன், கடைக்காரத் தம்பி அவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்ததிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நானும் இரண்டு நண்பர்களும் போன மாதம் திறந்தோம். கார்க் மூன்று துண்டு. நிறம் தேத்தண்ணி ஓ (பால் விடாத தேத்தண்ணி). ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஊற்றிய முதல் ஐந்து நிமிஷம் அடியில் ஏதோ இருந்தது, பழைய மரப்பெட்டியும் காய்ந்த ரோஜா இதழும் மாதிரி ஒரு வாசனை, மூன்று பேரும் பேச்சை நிறுத்தி மோந்து பார்த்தோம். பத்தாவது நிமிஷம் அதுவும் போய்விட்டது, சோயா கிச்சாப் வாசனை மட்டும் மிச்சம். மீதியை வீட்டில் ஆட்டுக்கறியில் ஊற்றிவிட்டார்கள்.

வாய்க்கு ருசி | அதே நாள், பகல் 12.52

கறி எப்படி இருந்தது?

செந்தூல் மாப்பிள்ளை | அதே நாள், பகல் 12.55

கொஞ்சம் புளித்தது.